வாயை மூடுங்க

"வாயைத் திறங்க" என்று சொல்வதுதான் என் வேலை. பகல் முழுக்கச் சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் சொல்கிறேனாம். பக்கத்து அறைவரை கேட்கிறதென்று வீட்டில் கேலி.

டாக்டரம்மா பல் சுத்தம் செய்யும் கருவியைக் கையில் எடுத்திருந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்தவர், நான் சொல்லாமலே வாயைத் திறந்து வைத்திருந்தார்.

ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல் பரவிய வாரம் அது. எல்லாரிடமும் கேட்பதை டாக்டரம்மா அவரிடமும் கேட்டிருந்தார். இருமல், காய்ச்சல் ஏதாவது உண்டா?

"இருமலா? எனக்கு இரும்பு உடம்பு டாக்டர். நாளைக்கு ஒரு இடத்துல பேசி முடிக்கணும், பல்லு பளிச்சுனு இருந்தாப் போதும்."

டாக்டரம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது பொய் என்று எனக்குத் தெரியும்.

கருவி ஓடினால் அதன் முனையிலிருந்து தண்ணீர் சிதறும். வாயில் இருப்பதையும் வாரிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத சாரலாக அறைக்குள் மிதக்கும். இந்த வேலைக்காக நான் போகும் மாலை வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். எங்களுக்கு இருப்பது ஒரே சன்னல். அதுவும் பாதிதான் திறக்கும்.

அடுத்து இதே நாற்காலிக்கு வரவேண்டியவர், வீங்கிய கன்னத்தோடும் ஏழு மாத வயிற்றோடும் வெளியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலி. இவருக்குப் பளிச்.

சொல்லலாமா? சொல்ல நான் யார்? எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க நிற்பவள். வந்தவரைப் பொய்யர் என்றால் வேலை மிஞ்சுமா?

மரியாதையாக ஒரு வாக்கியத்தை மனதுக்குள் எழுதினேன். அடித்தேன். இன்னொன்று எழுதினேன்.

டாக்டரம்மாவின் கால், கருவியை ஓட்டும் மிதிகட்டையைத் தேடியது.

"வாயை மூடுங்க," என்றேன்.

எழுதிப் பார்த்ததில் இது இல்லவே இல்லை.

"யாரைப் பாத்து என்ன சொல்றே?"

அவர் எழப்போனார். அந்த வேகத்தில், அதுவரை அடக்கி வைத்திருந்த இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. நிற்கவே இல்லை.

ஒரு முகக்கவசத்தை எடுத்து நீட்டினேன். நீட்டிய கையை மடக்கவில்லை.

டாக்டரம்மா கருவியைத் தட்டில் வைத்தார். உடம்பு முழுக்கச் சரியான பிறகு வரச் சொன்னார். அதுவரை எங்கேயும் போகக்கூடாது, யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்றார்.

அவர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, என்னையே முறைத்தபடி போனார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. இதுவே முதல் தடவை.

சன்னலை முட்டித் தள்ளினேன். இன்னும் கொஞ்சம் திறந்தது. நாற்காலியைத் துடைக்கும்போது டாக்டரம்மா கேட்டார்.

"முன்னாடி ஒரு தடவைகூட இருமலையே, உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எங்க வீட்டுச் சுவர் ரொம்ப மெல்லிசு டாக்டர். அப்பா ராத்திரியெல்லாம் இருமினது கேட்டுச்சு."

வெளியே இருந்தவருக்காகத்தான் சொன்னேன். பெரும்பாலும் அவருக்காகத்தான்.

அப்பா நாளைக்குப் பேசி முடிக்கவிருந்தது, என்னைக் கேட்காமலே நடக்கவிருந்த என் கல்யாணத்தை.