டர்போவுக்கு நாலு மூட்டை

"ரெண்டு பால் பாக்கெட்டை வெட்டி ஊத்தினா நிறைஞ்சிரும்லே உன் எஞ்சினு. வெறும் ஆயிரம் சிசி. இதை வச்சுக்கிட்டு மலையேறப் போறானாம்" என்றார் சுடலைமணி.

சின்னக்கானல் ஜீப் ஸ்டாண்டே சிரித்தது. புதுக் காருக்குச் சொந்தக்காரனான ஜிபினும் சிரித்தான்.

"டர்போ இருக்குல்லா அண்ணாச்சி. உங்க ஜீப்பு ரெண்டாயிரத்தைந்நூறு சிசிதான். ஆனா போற வழியெல்லாம் கொசுவுக்குப் புகை போட்டுட்டுல்லா போகுது?"

"டர்போன்னா என்னலே? அடுப்பூதுற குழலு. அடுப்புல விறகே இல்லாம ஊதி என்னத்துக்கு?"

ஒரு மாதமாக இதே கச்சேரிதான். டீக்கடையில் பக்கத்தில் உட்காரவைத்து வடையும் வாங்கிக் கொடுப்பார், டர்போவை வறுத்தும் எடுப்பார். மனுஷன் விளையாடுகிறாரா, வஞ்சம் வைத்துப் பேசுகிறாரா என்று ஜிபினுக்குப் பிடிபடவே இல்லை.

இன்றைக்கு விளையாட்டு இல்லை. அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம். புது வண்டி எதுவானாலும் சீட்டு நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் ஏற வேண்டும். நடுவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்காமல், பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். அப்புறம்தான் ஓட்டத்துக்கு முறை கொடுப்பார்கள். ஜிபின் டீ ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு இந்தக் காரை வாங்கியிருந்தான். முறை கிடைக்காவிட்டால் ஒரு டூரிஸ்டைக்கூட ஏற்ற விடமாட்டார்கள். காரை வாசலில் நிறுத்தி அழகு பார்க்க வேண்டியதுதான்.

ஸ்டாண்ட் செக்ரட்டரி பெரியமுத்து தொண்டையைச் செருமினார். "நாலு ஆளு. அது போக டிக்கியில மூணு உர மூட்டை."

ஜிபின் அவர் அருகே போனான். "அண்ணே, இதுவரைக்கும் யாருக்கும் மூட்டை வச்சதில்லையே?"

"யாரு வண்டியிலயும் டர்போ இருந்ததில்லையே" என்றார் பெரியமுத்து. புதிதாக ஒருத்தன் வந்தால் தங்கள் ஓட்டம் குறையும் என்பதை அவர் அப்படிச் சொன்னார்.

ஜிபின் நம்பிக்கையோடு சுடலைமணியைப் பார்த்தான். ஸ்டாண்டில் மூத்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பெரியமுத்து மீற மாட்டார்.

"மூணு எதுக்கு? நாலா வைங்க" என்றார் சுடலைமணி. "நானே போய் எடுத்துட்டு வாரேன். வேற எவனையாவது அனுப்பினா, பாவம் பாத்து பாரத்தைக் குறைச்சிருவான்."

நேற்று சாயங்காலம்கூட வடை வாங்கிக் கொடுத்தவர் இவர்தானா?

சுடலைமணியின் ஜீப் புகை கக்கிக்கொண்டு போய், நாலு மூட்டையோடு திரும்பி வந்தது. வாயெல்லாம் இறுக்கித் தைத்த மூட்டைகள். கை கொடுக்க வந்தவர்களை அவர் கிட்டேயே விடவில்லை. முக்கி முனகி ஒவ்வொன்றாக டிக்கியில் தள்ளினார். கடைசி மூட்டைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா என்றார். ஜிபினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு பேர் ஏறினார்கள். முன்சீட்டில் பெரியமுத்து. பின்சீட்டில் இரண்டு டிரைவர்கள், மூட்டைக்குக் காவல்போலச் சுடலைமணி.

பாதி ஏற்றத்தில் "நிறுத்து" என்றார் பெரியமுத்து.

டர்போ வண்டிக்கு அதுதான் கண்டம். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது டர்போ உடனே கை கொடுக்காது. எஞ்சின் கொஞ்சம் வேகம் பிடிக்கும்வரை ஆயிரம் சிசி தன்னந்தனியாகத்தான் இழுக்க வேண்டும். நாலு ஆளையும் நாலு மூட்டையையும் அது எங்கே இழுக்கப்போகிறது? ஜிபின் மாதாவை வேண்டிக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை விட்டான்.

வண்டி ஒரு தரம் குலுங்கியது. உருளவில்லை. மெல்ல நகர்ந்து, அப்புறம் சரசரவென்று ஏறி லயத்து வாசலில் போய் நின்றது.

எப்படி ஏறியது? ஓட்டியவனுக்கே விளங்கவில்லை.

பெரியமுத்து கதவைத் திறந்து இறங்கி, "சரி. நாளையிலேருந்து முறையில நில்லு" என்று சொல்லிவிட்டு, மற்ற இருவரோடு குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்.

ஜிபினுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சுடலைமணி சும்மா இருந்தால்தானே?

"காத்து பின்னாலேருந்து தள்ளிச்சு, ஏறிட்டு. டர்போவாம் டர்போ. வாலே, வந்து மூட்டையை இறக்கு."

ஜிபினுக்கு மனசு தாங்கவில்லை. "அண்ணாச்சி, நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? அவரு மூணு சொன்னா நீங்க நாலுங்கீங்க. உங்களுக்கென்ன கிறுக்கா?"

"முதல்ல இறக்குலே."

ஜிபின் டிக்கியைத் திறந்தான். இருந்த கோபத்தையெல்லாம் கையில் கூட்டி, காலை அகட்டி ஊன்றி, ஒரு மூட்டையைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தான். அது தலையணைபோல எகிறி வந்து நெஞ்சில் மோத, இரண்டடி பின்னால் போய் விழப்பார்த்தான். தையல் இடுக்கிலிருந்து மரத்தூள் சட்டையெல்லாம் கொட்டியது.

மற்ற மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தான். நாலும் மரத்தூள்தான்.

ஒன்றும் ஓடாமல் திருதிருவென்று விழித்தவனின் காதருகே குனிந்தார் சுடலைமணி.

"மூஞ்சியைச் சுளிச்சு முக்கித் தூக்குலே. பெரியமுத்து பாக்கான்."