கடைசித் தீவின் கதவு

"வலது கையாலதான் தம்பி. இடது கைக்கு மாத்தி ஏமாத்தினா வாத்து கண்டுபிடிச்சிடும்."

"வாத்துக்கு அவ்வளவு விவரமாம்மா?" என்று சிரிக்கப் பார்த்தான் எலக்ட்ரீஷியன். சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில், டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான் அவன். பக்கத்து நாற்காலியில் தையல்கார அம்மாள். பரணில் கிடந்த, டிவியில் மாட்டி ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டியைத் தூசி தட்டி, இரண்டு பஸ் மாறித் தூக்கி வந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் கண் அந்த வலது கையை விட்டு நகரவே இல்லை.

கரண்ட் அடித்த நாளிலிருந்து அவன் படாத பாடு பட்டாகிவிட்டது. இப்போது விரல்கள் மடங்குகின்றன, டம்ளரைப் பிடிக்கின்றன. மணிக்கட்டு மட்டும் திரும்புவேனா என்று அடம்பிடிக்கிறது. இந்த மாதமும் திரும்பாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட வேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கோ வேறு தொழில் தெரியாது.

"ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அலுத்துட்டார்ம்மா. இந்த விளையாட்டாவது கை கொடுக்குதான்னு பார்ப்போம்" என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

திரையில் ஒரு மஞ்சள் வாத்துக்குட்டி கொட்டாவி விட்டது. ரிமோட்டை ஆட்டினால் அது துடுப்புப் போடும். சாய்த்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும். உயர்த்தினால் பட்டம் விடும். தீவுக்குத் தீவு ஒரு வேடிக்கை. பொடிசுகளுக்கான ஆட்டம்தான், ஆனால் பார்க்கிறவர்களை விடாது.

"ஆட்டம் இப்போ எங்கம்மா நிக்குது?" என்றான்.

"கடைசித் தீவு. இந்தக் கதவு மட்டும் திறந்ததே இல்ல. சாவியை அவ்வளவு மெதுவா திருப்பணும். பத்து வயசுல அந்தப் பொறுமை ஏது? ரிமோட்டைக் கடாசிட்டு சைக்கிளை எடுத்தாச்சு."

அவன் ரிமோட்டைச் சாவி போலத் திருப்ப முயன்றான். சாவி நழுவி விழுந்தது. வாத்து கன்னத்தில் இறகை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மறுபடி முயன்றான். மறுபடி விழுந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"முடியலம்மா. விட்டுடலாம்."

"முடியும் தம்பி." அவள் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "ஏழு வயசுல, ஓடுற தையல் மெஷினுக்குள்ள விரலை விட்ட கை இது. கட்டைவிரல்ல தழும்பு இருக்கு பாரு. இது பண்ணாத சேட்டையா? கொஞ்சம் தாஜா பண்ணிக் கேளு, செய்யும்."

அவன் அந்தத் தழும்பைப் பார்த்தான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

மணிக்கட்டு அசைந்தது. நூல் அளவு. பிறகு இன்னொரு நூல். பயிற்சிப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். சாவி அரைவட்டம் சுற்றியது, முழுதாகச் சுற்றியது, கதவு திறந்தது.

உள்ளே வானமே இறங்கி வந்தது போல ஆயிரக்கணக்கான மின்மினிகள். அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து திரையை நிறைத்தன. அறைச் சுவரெல்லாம் பொன்னிறமானது. வாத்து திரும்பி நின்று இறகை ஆட்டியது. அவனும் தன்னை அறியாமல் ரிமோட்டை இப்படியும் அப்படியும் திருப்பி ஆட்டினான். கை திரும்பிக்கொண்டே இருந்தது.

"திரும்புதும்மா" என்றான் மெல்ல, நம்ப முடியாமல்.

அவள் மின்மினிகளைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக இறங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"தம்பி, ஒரே ஒரு நிமிஷம் இதைப் பிடிச்சுக்கட்டுமா?"

அவன் ரிமோட்டை வைத்துவிட்டு, வலது கையை அவள் மடியில் கொண்டுபோய் வைத்தான்.

"இறந்துபோன உங்க பையனோட கைம்மா இது. எனக்குப் பொருத்தினது எட்டு மாசம் முன்னாலதான். இதைத் தொட என்கிட்ட கேக்கணுமா?"