தலையோடு வந்த தோள்

காலை ஐந்து பத்து.

ஏலம் முடிந்து தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து நடந்து, பிரகாசியம்மாள் மீன் வெட்டும் கட்டை முன்னால் நின்றாள்.

கையில் அவள் எழுதிய புத்தகம்.

மாதக் கடைசியில் பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு. அதன்பின் கோயம்புத்தூர், மகள் வீடு. இன்று சொல்லிவிட வேண்டும். போன வாரமும் இதற்காகத்தான் வந்தாள். சங்கரா மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

இருபத்தொன்பது வருடங்களுக்கு முன், கல்லூரியில் சேர்ந்த புதிதில், எலும்பு ஆராய்ச்சிக்குப் பன்னிரண்டு வகை மீன் கேட்டிருந்தாள். முழுதாக வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை. டீச்சருக்கு எதற்குச் சிரமம் என்று பிரகாசியம்மாள் எல்லாவற்றையும் சுத்தம் செய்து துண்டு போட்டு வைத்திருந்தார்.

எது எந்த மீன் என்றே தெரியவில்லை.

அவள் அங்கேயே நின்று அழுதாள்.

பிரகாசியம்மாள் கழிவுக் கூடையைக் கவிழ்த்தார். பன்னிரண்டு தலைகளையும் பொறுக்கி வரிசையாகத் தரையில் வைத்தார்.

ஒவ்வொரு தலையோடும் தோள் எலும்பு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பக்கவாட்டுத் துடுப்பும் கூடவே.

மீனுக்குக் கழுத்து கிடையாது. படித்த விஷயம்தான். ஈரத் தரையில் பன்னிரண்டு முறை பார்த்தபோது அழுகை நின்றது.

தோள் எப்போது தலையை விட்டது? மீனிலிருந்து வந்த நமக்கெல்லாம் கழுத்து எப்படி வந்தது?

மீதி வருடங்கள் அந்தக் கேள்விக்குப் போயின. நன்றாகவே போயின.

புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள். இதைத் தொடங்கிவைத்த பிரகாசியம்மாளுக்கு நன்றி. அந்தப் பக்கத்தில் அவ்வளவுதான். வாசித்துக் காட்டினாள்.

பெயரைத் தொடப் போன பிரகாசியம்மாள், விரலில் செதிலைப் பார்த்துக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். தப்பா வெட்டினதுக்கெல்லாமா பேரு போடுவீங்க என்று சிரித்தார். பக்கத்துக் கட்டைக்காரியிடமும் காட்டச் சொன்னார்.

காட்டிவிட்டு வந்து, அவள் கோயம்புத்தூரைச் சொன்னாள்.

பிரகாசியம்மாள் கத்தியைக் கழுவினார். கழுவிய கத்தியையே மறுபடி கழுவினார்.

"விலாங்கு மட்டும் வேற மாதிரி, டீச்சர். தலைய எடுத்தா தோளு உடம்போடயே நின்னுபோகுது. அது ஏன்னு இனி நான் யார்ட்ட கேக்க?"