மஞ்சள் கண்

தவக்காலம் பிறந்துவிட்டால், கிறகரி பொழுது சாய்ந்த பிறகுதான் சோற்றில் கைவைப்பான். கீரிக் கடற்கரையில் நாள் முழுக்க வலை இழுத்தாலும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் அவன் வாயில் படாது. சில வருடங்களாக இதுதான் வழக்கம்.

வழக்கத்தோடு இன்னொன்றும் தவறாமல் வந்தது. இரண்டாம் கிழமைக்குள் அவன் கண்களில் மஞ்சள் ஏறிவிடும்.

அதற்கு ஊர் ஒரே பொருள்தான் கண்டது. அவன் மனைவி பிரான்சிஸ்காவின் அண்ணன் யாகப்பர் அதை உரக்கவே சொன்னார். அவர் கோயில் மூப்பர். ஒரு காலத்தில் விழுந்து கிடக்கும்வரை குடித்து, பின்னர் ஒரு சொட்டும் தொடாமல் எழுந்தவர். ஈரல் கெட்டவனின் கண் எப்படியிருக்கும் என்று அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஆண்டவரை ஏமாத்தலாம் மச்சான். பழைய குடிகாரனைப் பேய்க்காட்டேலாது."

கோயில் வளவில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் திருவுடற் சிலையைச் சுமக்கும் ஆசந்திக்கு இம்முறை கிறகரி தோள் கொடுக்க முடியாதென்று யாகப்பர் அப்போதே தீர்த்துவிட்டார்.

கிறகரி வீட்டைப் பார்த்து நடந்தான். மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

ஆனால் அன்றிரவு பிரான்சிஸ்கா அவன் சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். அதைக் கண்ட பிறகுதான் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தான்.

இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வருவதற்குள் பெரிய வெள்ளி நெருங்கிவிட்டது. முடிவைத் தம் காதால் கேட்க, பிரான்சிஸ்காவோடு யாகப்பரும் கூடவே வந்திருந்தார்.

டொக்டர் சிவதர்சினி நறுவிலிக்குளத்துப் பிள்ளை. வயல்காரர் வீட்டுப் பேச்சிலேயே விளக்கினாள். ஈரலில் பழுதில்லை. உடம்பில் சேரும் மஞ்சளை அகற்றும் நொதியத்தை ஆக்குகிற மரபணுவிலும் பழுதில்லை. அந்த மரபணுவுக்கு முன்னால், அதனை வேலைக்கு ஏவுகிற ஒரு சிறு பகுதி உண்டு. அங்கே பிறவியிலேயே இரண்டு டி.என்.ஏ. எழுத்துகள் கூடியிருக்கின்றன. குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் துருசுக் கதவு இறுகிக் கிடப்பதுபோல, வேலை குறைவாகவே நடக்கிறது. ஆபத்தில்லை. சாராயத்துக்கும் இதற்கும் தொடர்பும் இல்லை. வேளைக்குச் சாப்பிட்டால் வெளியே தெரியாது. பட்டினி கிடந்தால் மஞ்சள் ஏறும்.

யாகப்பர் கிறகரியின் கண்களைப் பார்த்தார். அவன் உண்ணவில்லை என்பதற்கான சாட்சி அத்தனை வருடங்களும் அந்தக் கண்களிலேயே இருந்திருக்கிறது.

இத்தனை கடுமையான விரதம் எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டாள்.

கிறகரி யாகப்பரைக் கையால் காட்டினான். களைத்த குரலில் சொன்னான்.

"அத்தான் இஞ்சை இரத்தம் இரத்தமா வாயாலை சத்தியெடுத்துக் கிடந்த வருசம். அவர் திரும்பக் குடிக்கப்பிடாதெண்டு ஒரு நேர்த்திக்கடன்."

வெளியே, ஆஸ்பத்திரிக்கு எதிரிலிருந்த தேநீர்க் கடையில் யாகப்பர் மூன்று பேருக்கும் தேநீரும் பணிசும் எடுப்பித்தார். உச்சி வெயில். தமக்கு வந்த பணிசையும் தேநீரையும் கிறகரியின் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"சாப்பிடு மச்சான். மிச்ச நாளுக்கு நான் விரதம் இருக்கிறன். ஆசந்தியிலை என்ரை இடத்திலை நீ நில்."

பிரான்சிஸ்கா பணிசைப் பிட்டு, கணவனின் கையில் வைத்தாள்.