முன்னுரை டீச்சர்

"நாலு வரி போதும்னு நான் சொன்னா, நீ—"

"அக்கா, நான் வேண்டாம்னு சொல்லவே—"

"குறுக்கே பேசாதே! உன் பிள்ளைங்க பக்கம் பக்கமா எழுதுது. முன்னுரைக்கே மூச்சு வாங்கினா கட்டுரை எப்படி நடக்கும்?"

"நீங்க சொல்லிக்கொடுத்த நாலு கேள்வியத்தானே நானும்—"

"அதைத்தான் சொல்றேன். அது என் நாலு கேள்வி!"

தலைமையாசிரியையின் அறையில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். இருவரும் மொழியாசிரியைகள். பெரிய டீச்சர் 'அ' பிரிவுக்கு, சின்ன டீச்சர் 'ஆ' பிரிவுக்கு. இன்று இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. கேட்பவர் மனதை மாற்றப் பார்க்கும் பேச்சு ஒன்றை வகுப்பு ஒலிபெருக்கியில் போடுவார்கள். அந்தப் பேச்சை அலசும் கட்டுரைக்கு மாணவர்கள் முன்னுரை மட்டும் எழுத வேண்டும். எந்தப் பிரிவில் நல்ல முன்னுரை வருகிறதோ, அந்த டீச்சருக்குத்தான் அடுத்த ஆண்டு இறுதி வகுப்பு. பேச்சின் ஒலிப்பதிவை எடுத்துவரத் தலைமையாசிரியை பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிருந்தார்.

"யார் பேசுறாங்க, யார்கிட்ட பேசுறாங்க, என்ன வேணும்னு பேசுறாங்க, எந்தத் தொனியில பேசுறாங்க. இதை இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது யாரு?"

"நீங்கதான் அக்கா."

"என்னைத்தானே எல்லாரும் 'முன்னுரை டீச்சர்'னு கூப்பிடுவாங்க? நேத்து வராந்தாவுல ஒரு பையன் 'முன்னுரை டீச்சர்'னு கத்துறான். வாடா ராஜான்னு கையை நீட்டிட்டேன். அவன் என்னைத் தாண்டி உன்கிட்ட ஓடுறான்! பஸ்ஸைக் கைகாட்டி அது நிக்காம போன மாதிரி நின்னேன்."

சின்ன டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிரி, சிரி. நல்லாச் சிரி."

பெரிய டீச்சர் எழுந்துபோய் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தபோது குரலில் தேன் வடிந்தது. நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாரும்மா. நீ என் கூடப்பிறந்த தங்கை மாதிரி. உன் நல்லதுக்குச் சொல்றேன். இறுதி வகுப்புன்னா சும்மாவா? பெத்தவங்க உன்னைப் பிச்சுப் பிடுங்கிடுவாங்க. உனக்குக் கைக்குழந்தை வேற."

"அவளுக்கு நாலு வயசாச்சு அக்கா."

"அதுதான் பொல்லாத வயசு! வெளியில எல்லாரும் என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? 'பாவம், இந்தப் பொண்ணு தலையில இவ்வளவு பாரமா'ன்னு."

"யாரு பேசிக்கிறாங்க?"

"எல்லாரும்னு சொல்றேன், அதுல யாருன்னு கேட்டா? ஏன், எனக்கென்ன ஆசையா? இந்த முட்டி வலியோட மாடிப்படி ஏறணும்னு எனக்கென்ன வேண்டுதலா? எல்லாம் பிள்ளைங்க எதிர்காலத்துக்காகத்தாம்மா. 'எனக்கு வேண்டாம்'னு நீயே மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. முடிஞ்சுது."

சின்ன டீச்சர் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "யோசிக்கிறேன் அக்கா" என்றார்.

"நல்லா யோசி. நிதானமா யோசி" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பெரிய டீச்சர் சாய்ந்து உட்கார்ந்தார். மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. நேரம் போயிற்று. அவருக்குக் கண்கூடச் செருகிவிட்டது.

கதவு திறந்தது. தலைமையாசிரியை இரண்டு கையிலும் தாள்கட்டோடு வந்தார்.

"ஒலிப்பதிவு கிடைச்சுதா மேடம்? பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்குமே!" என்று பெரிய டீச்சர் நிமிர்ந்தார்.

"எழுதியே முடிச்சுட்டாங்க டீச்சர்."

"பேச்சே போடலையே, எதைக் கேட்டு எழுதினாங்க?"

தலைமையாசிரியை மேசையைச் சுற்றி வந்து, கோப்புகளுக்குப் பின்னால் இருந்த மைக்கை அணைத்தார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி, 'இப்போ ஒருத்தர் பேசுவார், கவனமாக் கேளுங்க'ன்னு இதுல அறிவிச்சுட்டு, அணைக்காமலே போயிட்டேன். ஞாபகம் வந்து ஓடி வந்தேன். வழியில பார்த்தா ரெண்டு வகுப்பும் தலை நிமிராம எழுதுது. எனக்கும் கால் நகரலை, நின்னு கேட்டுட்டேன்."

பெரிய டீச்சரின் முகம் வெளுத்தது. சின்ன டீச்சர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"படிச்ச வரைக்கும் இதுதான் அருமை" என்று தலைமையாசிரியை ஒரு தாளை உருவிப் படித்தார். "'அனுபவம் மிக்க ஆசிரியை ஒருவர் தம்மைவிட இளைய ஆசிரியையிடம் பேசுகிறார். இறுதி வகுப்பை அவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்காகத் தங்கை என்று உறவு கொண்டாடுகிறார், பெயர் சொல்லாத பலரைச் சாட்சிக்கு இழுக்கிறார், மாணவர் நலனை முன்னால் நிறுத்துகிறார். குரலில் அக்கறை இருந்தாலும், தொனி பொறாமை.'"

"பார்த்தியா!" என்று பெரிய டீச்சர் சின்ன டீச்சர் மேல் பாய்ந்தார். "உன் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு வாயா? இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறியா நீ?"

"இது 'அ' பிரிவுத் தாள் டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. "நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்க. இறுதி வகுப்பை எடுத்துக்கிறீங்களா?"