எட்டாம் நாள் நேர்க்கோடு

எட்டாவது நாளும் தாளில்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

தையல் மிஷின் ஊசியில் நூல் கிடையாது. தாளில் பேனாவால் போட்ட கோட்டின்மேல் ஊசி ஓட்டை போட்டுக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என்னோடு சேர்ந்த பெண்கள் எல்லாம் துணியில் தைக்கப் போய்விட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் நான் மட்டும் எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புதுவாயலிலிருந்து காக்களூரில் இருக்கும் இந்த கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு இரண்டு பஸ். நின்றுகொண்டே வந்து, இங்கே உட்காரும்போதே இடுப்பு விட்டுப்போகிறது. இதற்கு முன் பத்து வருடம் கும்மிடிப்பூண்டியில் பிரஸ் மிஷினில் தகடு வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமே போகக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம்.

மூன்று மணிக்கு சூப்பர்வைசர் ஜெரால்ட் வருவார். அதற்குள் நான்கு கோடு நேராக வர வேண்டும். இல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

மற்றவர்களுக்குக் கோடு கோணலாகப் போகும். என் கோளாறு வேறு. பெடலில் கால் வைத்ததும் நின்றுவிடுகிறேன். ஒரு தையல் போடுவேன், நிற்பேன். மறுபடி ஒரு தையல், மறுபடி நிற்பேன். இந்தச் சனியன் பிடித்த கால் நகரவே மாட்டேன் என்கிறது.

கற்றுக்கொடுக்கும் பானுவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"பத்து வெரலும் பத்திரமாத்தான் கீது. அப்புறம் இன்னாக்கா பயம்? ஊசி ஒன்னும் பண்ணாது."

பயம்தான் என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

மணி இரண்டே முக்கால். ஜெரால்ட் வரிசையின் அந்தக் கோடிக்கு வந்துவிட்டார். பானுவுக்கே பொறுக்கவில்லை. குனிந்து, தன் கையால் தாளைப் பிடித்து ஊசிக்கு நேராக வைத்தாள். நான் புடிச்சிக்கிறேன், நீ மிதிச்சா போதும் என்றாள்.

அவள் விரல் ஊசிக்கு அரை அங்குலத்தில் இருந்தது.

பெடலிலிருந்து காலை எடுத்து ஸ்டூலின்மேல் மடித்து வைத்துக்கொண்டேன்.

"கைய எடு பானு. கண்ணுக்குத் தெரியற மாதிரி தூரமா வச்சிக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"எட்த்துட்டேன். போடுக்கா."

போட்டேன். கால் நிற்காமல் போனது. நான்கு கோட்டையும் ஒரே மூச்சில் முடித்தேன்.

ஜெரால்ட் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நாளைக்குத் துணி தைக்க உட்காரச் சொன்னார். அக்காவுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று பானு அவரிடம் பெருமையாகச் சொன்னாள்.

என் விரலுக்காக நான் என்றைக்கும் பயந்தது கிடையாது.

பிரஸ் மிஷினுக்கு இரண்டு பேர். ஒருத்தி தகட்டை வைப்பாள். கையை எடுத்ததும் "போடு" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவள் பெடலை மிதிக்க வேண்டும்.

தகடு வைத்தவள் என் தங்கை நர்மதா. மிதித்தவள் நான்.

அன்றைக்கு அவள் "போடு" என்று சொல்லவில்லை. வலது கையில் நான்கு விரல் போனது.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தவர்களிடம் நர்மதா, "நான்தான் சார் போடுன்னு சொன்னேன், அக்கா மேல தப்பு இல்ல" என்றாள்.

ஆமாம், சொன்னாள் என்று நானும் சொன்னேன்.