நாலாவது பெட்டி

“மாமியாருக்கு ரொம்ப முடியல பாய். ரெண்டு மணிக்குள்ள இந்த ஊரைத் தாண்டியாவணும்” என்றாள் ஜெபா. அதை அவள் சொல்வது மூன்றாவது முறை.

தமீம் அன்சாரி காருக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று ஐந்து. கும்மிடிப்பூண்டி ஜி.என்.டி. சாலையில், அவனுடைய ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வாங்க நிறுத்தியிருக்கிறாள். அதற்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

பின் சீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒரு மிக்ஸியைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. முடியாத மாமியாரைப் பார்க்கப் போகிறவர்கள் மிக்ஸியை எடுத்துப்போவார்களா? அவன் கேட்கவில்லை.

“இன்னா பாய் ஆச்சு?”

“உள்ள மூணு கம்ப்யூட்டர் பொட்டி இருக்கும்மா. இன்ஜினுக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு, சாவிக்கு ஒண்ணு. ரெண்டே ரெண்டு ஒயர்லதான் மூணும் பேசிக்கும். இப்ப ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குக் கேக்கல. சாவி யாருதுன்னு தெரியாம இன்ஜின் முறைச்சிக்கினு நிக்குது.”

மீட்டரை அந்த இரண்டு ஒயர்களில் வைத்தான். அறுபது ஓம் காட்ட வேண்டியது பதினெட்டு காட்டியது. எங்கேயோ அவை ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன.

வெளியே நின்ற லாரி ஹாரன் அடித்தது. இரும்புக் கம்பி ஏற்றிய லாரி. ஓட்டுநர் சடையப்பன் எட்டிப் பார்த்துக் கத்தினான்.

“பாய், லேடீஸ் கஸ்டமர் வந்தா எங்களை மறந்துடுவியா? விசாகப்பட்டணம் போவணும்யா! டெயில் லைட்டு எரியுதா இல்லியா?”

“எரியுது, எரியுது. ஒரு டீ அடி, வந்துட்றேன்.”

லாரியின் பின்னால் இணைப்புகளில் மஞ்சள் டேப் பளிச்சென்று தெரிந்தது. ஊரில் எல்லாரும் கறுப்பு டேப் சுற்றுவார்கள். தமீம் மட்டும் மஞ்சள். அது அவனுடைய கையெழுத்து மாதிரி.

பெட்டிகளின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். மீட்டர் பெரிதாக ஏறவில்லை. குற்றம் அந்த மூன்றின் மேலும் இல்லை.

மணி ஒன்று இருபது. ஜெபா சட்டென்று அவன் எதிரில் கைகூப்பினாள்.

“மாமியாரும் இல்ல, ஒண்ணும் இல்ல பாய். அவரு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்துடுவாரு. போன மாசம் பொன்னேரி தாண்டி சிநேகிதி ஊட்டுக்கு ஓடுனேன். யாருகிட்டயும் சொல்லல. ஒரு மணி நேரத்துல கரெக்டா வாசல்ல வந்து நிக்கறாரு பாய். அன்னிக்கு வாங்குன அடி...” குழந்தையைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “இந்தத் தபா போனைக்கூட ஊட்டுலயே போட்டுட்டு வந்துட்டேன்.”

தமீம் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே போனான். ரேடியோவுக்குப் பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, நாலாவது பெட்டி. அதன் ஒயர் இணைப்பில் வெயிலில் இளகித் தொங்கியது டேப். மஞ்சள் டேப்.

“மேடம், இந்த வண்டிக்கு டிரைவர் உண்டா?”

“டிரைவரா? நான்தான் ஓட்டுவேன். அவருக்குக் கம்பெனி பஸ்ஸு.”

டேப்பை விரலால் நிமிண்டிப் பார்த்தான், அவன் சுற்றியதுதான். பொங்கல் சமயத்தில் இந்த வண்டியைக் கொண்டுவந்தவர் சாலமோன் சார். ‘டிரைவர் டீசல் திருடறான் பாய். வண்டி எங்க நிக்குது, எங்க போவுதுன்னு என் போனுக்கு மெசேஜ் வரணும்.’ தமீம்தான் மாட்டிக்கொடுத்தான்.

“எதுனா தெரிஞ்சுதா பாய்?”

“எலி கடிச்சிருக்கு” என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல்.

பெட்டியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒயர்களைப் பிரித்துச் சுற்றினான். அறுபது. வண்டி முதல் திருகலிலேயே உறுமியது.

ஜெபாவுக்கு அழுகை வந்துவிட்டது. “பாய், நீங்க நல்லா இருக்கணும்” என்றாள். தமீமுக்கு அது கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. எங்கே போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. கார் தெற்கே சென்னைப் பக்கம் போய், வெயிலில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி மறைந்தது.

டேப் சுருளை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனான்.

“எரியுதுன்னு சொன்ன, மறுபடியும் இன்னா?” என்றான் சடையப்பன்.

“இன்னொரு தபா பார்த்துட்றேன். வழியில போலீஸ்காரன் புடிச்சா என் பேருதான் நாறும்.”

ஐந்து நிமிடம் லாரிக்கு அடியில் கிடந்துவிட்டு எழுந்தான். லாரி வடக்கே கிளம்பியது.

இரண்டு ஐம்பதுக்குப் போன் அடித்தது. சாலமோன் சார். நாலைந்து முறை அடிக்கவிட்டு எடுத்தான்.

“பாய், நீ வெச்ச பொட்டி கரெக்டாத்தான காட்டும்?” அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஏன் சார்?”

“தடா தாண்டி ஆந்திராவுக்குள்ள போய்க்கினே இருக்குன்னு காட்டுது. அந்தப் பக்கம் அவளுக்கு யாருமே இல்லியே!”

தமீம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். காலியாக இருந்தது.

“பொட்டி பொய் சொல்லாது சார். உடாம பின்னாலயே போங்க.”